மரத்தின் பெயரைக் கேட்பதற்கு முன் நடைபாதைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள்

தியாகராய நகரில் குடியிருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் கடைத்தெரு 18 மீட்டர் அகலம், வடக்குத் தெற்காக ஓடுகிறது. நடைபாதையை அகலப்படுத்தி, நாட்டு மரங்களும் செடிகளும் நட்டுத் தருவதாகச் சொல்கிறார்கள். எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் கருத்தையும் கேட்டிருக்கிறார்கள். பாண்டி பஜார் போல எங்கள் தெருவும் ஆகுமா? என்னென்ன மரங்களை நடச் சொல்லலாம்?"

மரங்களின் பட்டியலைக் கட்டாயம் தருகிறேன். ஆனால் அதை முதலில் கொடுத்தால் நீங்கள் அதை மட்டும் எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போய்விடுவீர்கள். இருபது ஆண்டுகளாகத் தெருவோரங்களில் மரம் நடும் வேலை செய்து வருகிறேன். நட்டுப் பிழைக்காமல் போனவற்றில், இனத்தைத் தவறாகத் தேர்ந்தெடுத்ததால் போனவை சொற்பம். வேருக்கு இடம் இல்லாமல் போனவைதான் ஏராளம். நாட்டு மரமாகவே இருந்தாலும், சிமென்ட் தொட்டிக்குள் உட்கார வைத்தால் அதனால் என்ன செய்ய முடியும்?

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தது. மறுநாள் காலையில் விழுந்த மரங்களைப் பார்த்துக்கொண்டே தெருத் தெருவாக நடந்தேன். குல்மோகரும் இயல்வாகையும் தூங்குமூஞ்சியும்தான் கண்ணில் அதிகம் பட்டன. 'வெளிநாட்டு மரம், அதனால் விழுந்தது' என்று எல்லோரும் சொன்னார்கள். அதில் உண்மை இருக்கிறது. மடகாஸ்கரிலிருந்து வந்த குல்மோகருக்கு வேர் மேலோட்டமாகத்தான் ஓடும், கிளையும் சுலபமாக முறியும். ஆனால் அன்று நான் குனிந்து பார்த்த ஒரு வேம்பின் அடிப்பகுதி இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. தெருப்பக்கத்து வேர்கள் எல்லாம் அரிவாளால் சீவியதுபோல் ஒரே நேர்கோட்டில் நின்றுபோயிருந்தன. வடிகால் தோண்டியபோது வெட்டியிருக்கிறார்கள். வெட்டுவாயில் கறுப்பாக அழுகல். மறுபக்கத்தில் ஒரு சுற்றுச்சுவரின் அஸ்திவாரத்தை ஒட்டி வேர்கள் அதைத் தாண்டிப் போக முடியாமல் கயிறுபோல் சுருண்டு கிடந்தன. அது சுத்தமான நாட்டு வேம்பு. காற்றில் சாயாமல் நிற்க அதற்கு ஒரு காலும் மிச்சம் வைக்கவில்லை நாம்.

எனவே உங்கள் சங்கம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: மழைநீர் வடிகால் எந்த இடத்தில் ஓடப்போகிறது?

சென்னையில் பெரும்பாலும் வடிகாலைக் கட்டி, அதன் மேல்மூடியையே நடைபாதையாக்கிவிடுகிறோம். கான்கிரீட் பெட்டிக்கு மேல் பேவர் பிளாக் பதித்துவிட்டால் வரைபடத்தில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதன்மேல் மரம் வளர ஒரு சாண் மண்கூட இருக்காது. கட்டிடத்துக்கும் வடிகாலுக்கும் நடுவில் மிஞ்சும் இடுக்கில், 60 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு குழி விட்டு, 'மரத்துக்கு இடம் விட்டாயிற்று' என்பார்கள். கூட்டத்தில் அந்த வரைபடம் உங்கள் முன்னால் வைக்கப்பட்டால் அங்கேயே நிறுத்துங்கள். கட்டி முடித்த பிறகு வடிகாலை நகர்த்த முடியாது.

உங்கள் தெருவுக்கு நான் சொல்லும் கணக்கு எளிது. இரு திசையிலும் வண்டிகள் போக நடுவில் 7 மீட்டர் போதும். இருபுறமும் இரண்டிரண்டு மீட்டரில் ஒரு பட்டை. அதற்கப்பால் இருபுறமும் மூன்றரை மீட்டர் நடைபாதை. கூட்டிப் பாருங்கள், 18 வரும். அந்த இரண்டு மீட்டர் பட்டைதான் இந்தத் தெருவின் உயிர்நாடி. மரம், செடி, விளக்குக் கம்பம், மின்பெட்டி, பைக் நிறுத்தம், தள்ளுவண்டி, குப்பைத் தொட்டி எல்லாம் அதற்குள்ளேயே அடங்கிவிட வேண்டும். நடைபாதையில் எதுவும் நிற்கக் கூடாது. இந்திய சாலைக் காங்கிரஸ் 2012இல் வெளியிட்ட பாதசாரி வசதிகளுக்கான வழிகாட்டி, தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலமும் 2.2 மீட்டர் உயரமும் வேண்டும் என்கிறது. வணிகப் பகுதிக்கு 2.5 மீட்டர். உங்களுக்கு மூன்றரை கிடைக்கிறது; கடை வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பவர்களுக்கு ஒரு மீட்டர் போக, நடப்பதற்கு இரண்டரை மிஞ்சும். கைக்குழந்தையோடு வருபவரும் எதிரே சக்கர நாற்காலியில் வருபவரும் ஒதுங்காமல் கடந்து போகலாம்.

நடைபாதையின் உயரத்தையும் கவனியுங்கள். 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. நம் ஊரில் சாலையை மீண்டும் மீண்டும் போட்டு உயர்த்துவதும், அதற்குப் போட்டியாக நடைபாதையை உயர்த்துவதும், கடைசியில் பாட்டி ஏற முடியாத மேடையாக அது நிற்பதும் வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு வாசலுக்கும் நடைபாதையை இறக்கி ஏற்றினால் நடப்பவர் அலையில் மிதப்பதுபோல் நடக்க வேண்டியிருக்கும். சாய்தளம் அந்த இரண்டு மீட்டர் பட்டைக்குள்ளேயே முடிய வேண்டும். கார்தான் ஏறி இறங்க வேண்டும், நடைபாதை ஒரே மட்டத்தில் போக வேண்டும். குறுக்குத் தெரு வந்து சேரும் இடத்திலும் அப்படியே: சாலையை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்திவிட்டால் திரும்பும் வண்டி தானாகவே வேகம் குறைக்கும்.

பாண்டி பஜார் பற்றிக் கேட்டீர்கள். தியாகராய சாலையின் அந்த நடைபாதை வளாகம் 2019 நவம்பரில் திறக்கப்பட்டது. பனகல் பூங்காவிலிருந்து தணிகாசலம் சாலைச் சந்திப்பு வரையிலான பகுதிதான் முக்கியமானது, சுமார் 700 மீட்டர். அதற்கு முன்பே 2014இல் சென்னை மாநகராட்சி, நடப்போருக்கும் மிதிவண்டிக்காரர்களுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றுக்கொண்டிருந்தது. இந்தியாவில் இப்படி ஒரு கொள்கையை முதலில் ஏற்ற மாநகரங்களில் ஒன்று சென்னை என்பது பலருக்கு நினைவில்லை. உங்கள் மனுவின் முதல் வரியில் அந்தக் கொள்கையைக் குறிப்பிடுங்கள். இல்லாத ஒன்றைக் கேட்கவில்லை, ஏற்றுக்கொண்டதைத்தான் கேட்கிறீர்கள் என்று அவர்களுக்குத் தெரியட்டும்.

பாண்டி பஜாரில் நான் மெச்சுவது இரண்டு விஷயங்களை. வாகனத்துக்குப் போய்க்கொண்டிருந்த அகலத்தைத் துணிந்து நடப்பவருக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். அங்கே முன்பே நின்ற பெரிய மரங்களைச் சுற்றி இடம் அமைத்தார்கள். மே மாதம் பிற்பகல் மூன்று மணிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். பழைய மரத்தடியில் இருக்கும் இருக்கையில் இடம் கிடைக்காது. வெயிலில் இருக்கும் கல் இருக்கையில் கை வைக்க முடியாது. வழுவழுப்பான தளத்தைவிட நிழல்தான் சென்னையில் ஆட்களை நடக்க வைக்கிறது. உங்கள் தெருவிலும் மரங்கள் நிற்குமானால், அவை தூங்குமூஞ்சியாக இருந்தாலும் இயல்வாகையாக இருந்தாலும் வெட்ட விடாதீர்கள். நாட்டு மரம் நடுவதற்காக ஐம்பது வயது நிழலை வெட்டுவது எனக்குச் சம்மதமே இல்லை. அவற்றின் அடியில் பூசிய சிமென்டை உடைத்து எடுக்கச் சொல்லுங்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் டெல்லி தொடர்பான வழக்கில், மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்ற உத்தரவிட்டது. அந்த ஒரு மீட்டரையாவது கேளுங்கள். பழைய மரம் தன் காலத்தில் போகட்டும். பக்கத்தில் நாட்டுக் கன்று அதற்குள் தலையெடுத்திருக்கும்.

இனி அந்த இரண்டு மீட்டர் பட்டைக்கு வருகிறேன்.

பட்டையைப் பன்னிரண்டு பன்னிரண்டு மீட்டராகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் ஏழு மீட்டர் வண்டி நிறுத்தத்துக்கு, ஐந்து மீட்டர் செடிப் படுகைக்கு. படுகையின் நடுவில் ஒரு மரம். இரண்டு மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம், ஒரு மீட்டர் ஆழம் என்றால் பத்து கன மீட்டர் மண். வழக்கமாகத் தோண்டும் குழியில் ஒரு கன மீட்டர்கூட இருப்பதில்லை என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதுவும் பெரிய மரத்துக்குப் போதாது. வேர் பக்கத்து வண்டி நிறுத்தத்துக்கு அடியிலும் போக வழி வேண்டும். அங்கே வெறும் மண்ணை இடித்து இறுக்குவதற்குப் பதில், சல்லியும் மண்ணும் கலந்து போடும் முறை ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1990களில் உருவாக்கினார்கள். எடைக்கணக்கில் ஏறக்குறைய நான்கு பங்கு ஒரே அளவுச் சல்லிக்கு ஒரு பங்கு மண். வண்டியின் பாரத்தைச் சல்லி தாங்கும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலுள்ள மண்ணில் வேர் ஓடும். நம் ஊர்ச் சல்லியும் வண்டல் மண்ணும் இதற்குப் போதும்; எதையும் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. இதை மதிப்பீட்டில் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் அந்த இடத்தில் கட்டிட இடிபாடுதான் போய் நிரம்பும். செடி நடப்போன இடத்தில் ஒரு முழம் தோண்டியதும் உடைந்த டைல்ஸும் சிமென்ட் மூட்டையும் வெளியே வருவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

குழாயும் கேபிளும் எங்கே போகும் என்று கேட்பீர்கள். பெங்களூரில் ரெசிடென்சி சாலை, செயின்ட் மார்க்ஸ் சாலை போன்றவற்றை டெண்டர் ஷ்யூர் என்ற திட்டத்தில் மாற்றியபோது, மின்சாரம், தொலைபேசி, குடிநீர், கழிவுநீர் ஒவ்வொன்றுக்கும் நடைபாதைக்கு அடியில் தனித்தனி வழி வகுத்து, இடையிடையே திறந்து பார்க்கும் அறைகளும் வைத்தார்கள். கேபிள் இழுக்கத் தெருவைத் தோண்ட வேண்டியதில்லை. இதைச் செய்யாமல் மரம் நட்டால், மூன்றாவது ஆண்டில் யாரோ ஒரு கேபிள்காரர் வந்து உங்கள் மரத்தின் ஒரு பக்கத்து வேரை முழுவதுமாக வெட்டிவிட்டுப் போவார். வர்தாவில் விழுந்த அந்த வேம்பின் கதை மறுபடியும் தொடங்கும்.

செடிப் படுகையைச் சாலையை விடத் தாழ்வாக வையுங்கள். நம் தோட்ட வேலை எல்லாவற்றிலும் மண்ணைக் குவித்துச் சுற்றிலும் கல் வைத்து மேடாக்குகிறோம். மழை பெய்தால் மண் கரைந்து சாலைக்கு வருகிறது. செடிக்கோ லாரித் தண்ணீர். இது தலைகீழாக இருக்க வேண்டும். படுகை சாலை மட்டத்திலிருந்து 15 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கட்டும். ஓரக் கல்லில் ஒரு முழ அகலத்துக்கு இடைவெளி விட்டால் சாலைத் தண்ணீர் உள்ளே இறங்கும். அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரில் தென்மேற்கு 12ஆவது அவென்யூவில் 2005இல் இப்படி நான்கு படுகைகளை வரிசையாக அமைத்தார்கள். முதல் படுகை நிறைந்ததும் மிச்சத் தண்ணீர் அடுத்த வாய் வழியாக வெளியேறி இரண்டாவதற்குப் போகும். நான்கும் நிறைந்த பிறகுதான் வடிகாலுக்கு. ஏரி நிறைந்து கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும் நம் ஏரிச் சங்கிலியின் கணக்கேதான் அது. படுகைகளில் அவர்கள் நட்டது அந்தப் பகுதிக்கே உரிய ஒரு நாணல் வகை.

உங்கள் தெருவுக்குக் கணக்குப் போடுவோம். தெருவின் பாதி அகலம் ஒன்பது மீட்டர், ஒரு பிரிவு பன்னிரண்டு மீட்டர். 108 சதுர மீட்டர் தளம். ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். படுகை 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு 1,500 லிட்டர் பிடிக்கும். அதாவது முதல் 14 மில்லிமீட்டர் மழை வடிகாலைத் தொடவே தொடாது. கோடை மழையும் ஆடி மழையும் பெரும்பாலான நாட்களில் அதற்குள் அடங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையின் கனமழைக்கு இது போதாது. அதற்கு வடிகால் வேண்டும். செடிப் படுகை வெள்ளத்தைத் தடுத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், நீங்களும் அப்படி யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

தியாகராய நகருக்கு இன்னொரு சங்கதி உண்டு. 1920களில் நீண்ட ஏரி என்று அழைக்கப்பட்ட மாம்பலம் ஏரியைத் தூர்த்துத்தான் இந்தப் பகுதியை உருவாக்கினார்கள். உங்கள் வீட்டு அடியில் ஏரிக்களிமண் இருக்க வாய்ப்பு மிக அதிகம். களியில் தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கும். எனவே படுகையின் அடியில் ஒரு சல்லி அடுக்கும், அதற்குள் துளையிட்ட குழாய் ஒன்றும் வைத்து, அதை வடிகாலில் சேர்க்க வேண்டும். கொசு வரும் என்று கூட்டத்தில் முதல் எதிர்ப்பு எழும். நியாயமான பயம். கொசு முட்டை பொரிந்து பறக்க ஒரு வாரமாவது ஆகும். படுகையில் இரண்டு நாளுக்கு மேல் தண்ணீர் நிற்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி, முதல் மழையில் சோதித்துப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது மரங்கள். சென்னையின் இயற்கைக் காடு சோழமண்டலக் கடற்கரையின் வறண்ட பசுமைமாறாக் காடு. அதில் எஞ்சிய ஒரு துண்டு கிண்டி தேசியப் பூங்கா. நீண்ட வறட்சியையும் மூன்று மாத அடைமழையையும் புயல் காற்றையும் பழகிய மரங்கள் அங்கே இருக்கின்றன. எல்லாவற்றையும் தெருவுக்குக் கொண்டுவர முடியாது. சிலவற்றைத் தாராளமாகக் கொண்டுவரலாம்.

உங்கள் தெரு வடக்குத் தெற்காக ஓடுவதால், பிற்பகல் மேற்கு வெயில் கிழக்குப் பக்கத்து நடைபாதையில்தான் விழும். மேற்குப் பக்கத்துக்கு மாலையில் கட்டிட நிழல் இருக்கும். எனவே பணமோ கன்றோ குறைந்தால் முதலில் கிழக்குப் பக்கத்தை முடியுங்கள். கிழக்கு மேற்காக ஓடும் தெருக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு: ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை சென்னையில் உச்சிச் சூரியன் நமக்குச் சற்று வடக்கே இருக்கிறது. கட்டிட நிழலை நம்பி ஒரு பக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

நிழலுக்கு என் முதல் தேர்வு புங்கன். மாசி பங்குனியில் இலையை உதிர்த்துவிட்டு, சித்திரை வெயில் ஏறுவதற்குள் பளபளவென்று இளந்தளிரால் மூடிக்கொள்ளும். நமக்கு நிழல் எப்போது வேண்டுமோ அப்போது அதனிடம் இருக்கும். களிமண்ணும் தாங்கும், சற்று உப்பும் தாங்கும். பூ உதிர்ந்து தரையெல்லாம் வெள்ளையும் ஊதாவுமாகக் கிடக்கும். அதைக் குப்பை என்று சொல்பவர்களிடம் வாதாட எனக்கு இன்றுவரை அலுப்பு வந்ததில்லை.

இரண்டாவது மகிழம். மெதுவாக வளரும், பொறுமை வேண்டும். ஆனால் ஆண்டு முழுவதும் இலை இருக்கும், குடை கச்சிதமாக இருக்கும், மின்கம்பிக்கு அருகிலும் வெட்டாமல் சமாளிக்கலாம். மகிழமும் புங்கனும் ஒன்றுவிட்டு ஒன்றாக நட்டால் ஐந்தாம் ஆண்டில் புங்கன் நிழல் தரும், பதினைந்தாம் ஆண்டில் மகிழம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். வேம்பைச் சொல்ல வேண்டியதில்லை; ஆனால் களிமண்ணில் தண்ணீர் நின்றால் அது முகம் வாடிவிடும், தண்ணீர் தேங்கும் படுகைகளில் வைக்க வேண்டாம். அங்கே நீர்மருது வையுங்கள். ஆற்றங்கரை மரம், ஏரி இருந்த இடத்தில் அதை நடுவது எனக்குச் சரியென்று படுகிறது. மிகப் பெரிதாகும் என்பதால் தெருமுனையிலும் இடம் தாராளமான இடங்களிலும் மட்டும். சிவப்புச் சரங்களாகப் பூத்துத் தொங்கும் செங்கடம்பும் ஈரத்துக்கு அஞ்சாது, அளவாகவும் வளரும்.

புன்னை மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் தல மரம். கடற்கரை மணலுக்கும் உப்புக் காற்றுக்கும் அதைவிடப் பொருத்தமான மரம் இல்லை. பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் என்றால் அதைத்தான் முதலில் சொல்லியிருப்பேன். அதன் உருண்டைக் காய்கள் காலடியில் உருளும் என்பதால் நடக்கும் பாதையிலிருந்து சற்றுத் தள்ளி வைக்க வேண்டும். பூவரசு நல்ல மரம்தான், ஆனால் பெரும்பாலும் கிளையைப் போத்தாக வெட்டி நடுகிறார்கள். போத்தில் வளர்ந்ததற்கு ஆணிவேர் இல்லை; காற்றில் சாயும். விதைக் கன்றாகக் கிடைத்தால் மட்டும் வாங்குங்கள். புரசைவாக்கத்துக்குப் பெயர் தந்த புரசு பூக்கும்போது தெருவே தீப்பிடித்ததுபோல் இருக்கும். அந்த நேரத்தில் அதில் இலை இருக்காது. சரக்கொன்றையும் அப்படித்தான், கொளுத்தும் வெயிலில் பொன்னாகப் பூத்து நிற்கும், அடியில் நிழல் இருக்காது. தெருவுக்கு ஒன்றோ இரண்டோ சந்திப்பில் அழகுக்கு வையுங்கள், வரிசையாக வேண்டாம்.

நாவலை எனக்கு மிகவும் பிடிக்கும், ஆனால் நடைபாதைக்கு மேல் வேண்டாம். பழம் விழுந்து நசுங்கினால் வயதானவர்கள் வழுக்கி விழுவார்கள். இலுப்பையும் அப்படியே. இரண்டையும் பள்ளி வளாகத்துக்கும் பூங்காவுக்கும் கொடுங்கள். அரசும் ஆலும் வடிகாலுக்கும் சுவருக்கும் பக்கத்தில் ஆகவே ஆகாது. கோனோகார்பஸ் என்ற செடியைப் 'பச்சைப் பசேலென்று சீக்கிரம் வளரும்' என்று யாராவது கொண்டுவந்தால் திருப்பி அனுப்புங்கள். குஜராத் 2023இலும் தமிழ்நாடு 2025இலும் அதைத் தடை செய்திருக்கின்றன.

மரத்தடிச் செடிகளில்தான் நாட்டு இனங்கள் பெரும்பாலும் தோற்றுப்போகின்றன. காரணம், ஒப்பந்ததாரருக்கு அவை நர்சரியில் எளிதில் கிடைப்பதில்லை. மஞ்சள் டுரான்டாவும் காகிதப்பூவும் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். இரண்டுக்கும் பூர்விகம் அமெரிக்கக் கண்டம். ஆரோவில் பகுதி நாற்றங்கால்களில் பசுமைமாறாக் காட்டுச் செடிகளை வளர்க்கிறார்கள். ஆனால் உங்களுக்கு வேண்டியதை ஓராண்டுக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும். எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால், அடையாற்றுக் கழிமுகத்தின் ஒரு பகுதியை மீட்டு 2011இல் திறந்த தொல்காப்பியப் பூங்காவுக்கு உங்கள் சங்கத்தினரை ஒரு காலை அழைத்துப் போங்கள்.

தண்ணீர் நுழையும் வாயில் வெட்டிவேரும் கோரையும் வையுங்கள். வேகத்தை அடக்கும், சேற்றைப் பிடித்துக்கொள்ளும். தரையை மூடப் பொடுதலை. மிதித்தாலும் பிழைக்கும், இரண்டு நாள் தண்ணீரில் மூழ்கினாலும் பிழைக்கும், அதன் சின்னஞ்சிறு பூவில் பட்டாம்பூச்சி மொய்க்கும். அதற்கு மேல் கனகாம்பரம், செம்முள்ளி, வெட்சி, சித்திரமூலம். நிழலுக்குள் பாவட்டையும் கொஞ்சியும். கொஞ்சி எலுமிச்சைக் குடும்பம். எலுமிச்சை இலையைத் தின்னும் பட்டாம்பூச்சிப் புழுக்கள் இதிலும் வளரும். இலையில் ஓட்டை விழும், பூச்சிமருந்து அடிக்கச் சொல்வார்கள், அடிக்க விடாதீர்கள்.

எந்தச் செடியையும் முக்கால் மீட்டருக்கு மேல் உயர விடாமல் கத்தரித்துவர வேண்டும் என்பதைக் கண்டிப்பாக எழுதுங்கள். தெருவைக் கடக்கும் குழந்தை ஓட்டுநர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இரவு ஒன்பது மணிக்குத் தனியாக நடந்து வரும் பெண்ணுக்கு எதிரே மறைவான புதர் ஒன்றுகூட இருக்கக் கூடாது. நொச்சியும் ஆடாதோடையும் அருமையான செடிகள், ஆனால் வேகமாக ஆளுயரத்துக்குப் போய்விடும். அவை பூங்காவில் இருக்கட்டும்.

நடும் மாதம் மிக முக்கியம். அரசுக் கணக்கு மார்ச்சில் முடிகிறது. அதனால் கட்டுமானத்தை மார்ச்சில் முடித்துக் கன்றையும் அதே மாதம் நட்டு, அளவுப் புத்தகத்தில் பதிந்து, பணம் பெற்றுவிடுவார்கள். அடுத்த மூன்று மாத வெயிலில் கன்று கருகும். நான் வேலை பார்த்த ஒரு தெருவில் நானூறுக்கு மேற்பட்ட கன்றுகளை அப்படி நட்டோம். ஜூலையில் போய் எண்ணியபோது பாதிகூட இல்லை. பணம் கொடுத்தவர்களும் வருந்தினார்கள், நட்டவர்களும் வருந்தினார்கள், நானும் எதிர்த்துப் பேசாமல் இருந்ததற்காக வருந்தினேன். கட்டுமானமும் நடுதலும் வெவ்வேறு ஒப்பந்தங்களாக இருக்கட்டும். புரட்டாசியில் தொடங்கி ஐப்பசி முதல் வாரத்துக்குள் நட்டு முடித்தால் வடகிழக்குப் பருவமழையே பாதி வேலையைச் செய்துவிடும். நடுதல் ஒப்பந்தத்தில் மூன்றாண்டுப் பராமரிப்பும், செத்த கன்றுக்கு மாற்றுக் கன்றும் இருக்க வேண்டும். பணத்தில் ஒரு பகுதியை மூன்றாம் ஆண்டு முடிவில் கொடுக்க வேண்டும்.

கன்று வாங்கும்போது ஆறேழு அடி உயரம் போதும். பத்துப் பன்னிரண்டடிக் கன்றைக் காட்டிப் பெருமை பேசுவார்கள். பையைக் கிழித்து வேரைப் பாருங்கள். வேர் பைக்குள் வட்டமாகச் சுற்றியிருந்தால் அந்தக் கன்று எத்தனை அழகாக இருந்தாலும் வேண்டாம். அது மண்ணுக்குள் போனாலும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். தடித்த பிறகு தன் கழுத்தைத் தானே நெரிக்கும்.

வியாபாரிகளைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் சொல்லிவிடுகிறேன். தெருவைச் சீரமைக்கும்போது பூக்காரரையும் இளநீர்க்காரரையும் முதலில் அப்புறப்படுத்துவார்கள். 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி, நகர விற்பனைக் குழுவைக் கேட்காமல் அவர்களை இடம் மாற்ற முடியாது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். மயிலாப்பூர் பக்கம் ஒரு பூக்காரம்மாவை எனக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும். இரவு கடை கட்டும்போது, பூவை நனைத்து வைத்திருந்த வாளித் தண்ணீரைப் பக்கத்தில் நின்ற மகிழங்கன்றுக்கு ஊற்றிவிட்டுத்தான் கிளம்புவார். அந்த வரிசையில் நட்ட பதினொரு கன்றுகளில், முதல் கோடையைத் தாண்டியவை நான்கு. அவருடைய கன்று இன்று இரண்டாள் உயரத்துக்கு மேல். அவர் அதன் நிழலில்தான் உட்கார்ந்திருக்கிறார். படுகைக்கும் படுகைக்கும் நடுவில் வண்டி நிறுத்தத்துக்கு விட்ட இடத்தில் ஒவ்வொரு நான்காவதையும் வியாபாரிக்கு ஒதுக்கச் சொல்லுங்கள்.

இவ்வளவையும் கூட்டத்தில் பேச அவகாசம் தரமாட்டார்கள். அதனால் போவதற்கு முன் இரண்டு வேலைகளைச் செய்யுங்கள். அடுத்த நல்ல மழையில் குடையோடு இறங்கி, தெருவில் தண்ணீர் எங்கெங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று படம் எடுங்கள். மழை விட்டதும் அந்த இடங்களில் சுண்ணாம்பால் கோடு போட்டு நாடாவால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். படுகைகள் வர வேண்டிய இடங்கள் அவைதான். பிறகு ஒரு வெயில் நாளில் பகல் பன்னிரண்டு, மூன்று, ஐந்து மணிக்கு நடந்து நிழல் எங்கே விழுகிறது என்று அதே தாளில் குறியுங்கள். அந்த ஒரு தாளைப் பொறியாளரின் மேசையில் விரித்து வைத்துவிட்டு, வடிகாலின் குறுக்குவெட்டு வரைபடத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.